அந்தமான் போகும் மலைக் குடும்பங்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கடிதங்களில் இந்த முறை அந்தமான் பற்றிய கேள்விகள் நிறைய இருந்தன. அவற்றில் எல்லோருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறோம். பெயர் மாற்றங்களை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு ஆனது, ராஸ் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் வைத்தார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயரைச் சொல்வார். ஊர் ஒன்றுதான்.

கேள்வி: மாமனார், மாமியார் (72, 68 வயது), நாங்கள் இருவர், 12 வயது மகள், 7 வயது மகன். மே 18ஆம் தேதி கிளம்பி நான்கு இரவு தங்க ஏஜென்ட் திட்டம் போட்டுத் தந்திருக்கிறார். முதல் நாள் செல்லுலார் சிறை, இரண்டாம் நாள் பாராட்டாங், மூன்றாம் நாள் ஹேவ்லாக், நான்காம் நாள் நீல். ஐந்தாம் நாள் காலை நீலிலிருந்து படகில் திரும்பி, அன்று மதியமே சென்னைக்கு விமானம். இது சரியாக வருமா?
– வாசகி, கோத்தகிரி

வராது அம்மா. தேதியும் தவறு, கடைசி நாளும் தவறு.

தேதியை முதலில் பார்ப்போம். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவது ஜூன் 1ஐ ஒட்டி. அதற்குப் பத்து நாள் முன்பே, மே மூன்றாம் வாரத்தில், அது அந்தமான் கடலுக்கு வந்துவிடும். வங்கக் கடலில் மே மாதப் புயலும் அந்த நேரத்தில்தான் கிளம்பும். மழையில் நனைவது மலைக்காரர்களுக்குப் புதிதல்ல, ஆனால் இங்கே பிரச்சினை மழையல்ல, கடல் கொந்தளிப்பு. அலை உயர்ந்தால் தீவுகளுக்கு இடையே ஓடும் படகுகளை நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் கலங்கிப் பவளப்பாறையும் தெரியாது. கோடை லீவுதான் முடியும் என்றால் பரீட்சை முடிந்த மறுவாரமே கிளம்பி, மே முதல் வாரத்துக்குள் திரும்பிவிடுங்கள். சற்று வெயில் இருக்கும், ஆனால் கடல் அமைதியாக இருக்கும்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. லாட்ஜ், டாக்சி, வர்க்கிக் கடை, சாக்லேட் கடை என்று ஊட்டி சீசனை நம்பிப் பிழைப்பவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் ஊரை விட்டு நகர முடியாது. இரண்டாம் சீசனான செப்டம்பர், அக்டோபரில் கடல் சரியில்லை. அவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல காலம். வருடத்திலேயே கடல் தெளிவாக இருக்கும் மாதங்களும் அவைதான். படுகர் குடும்பங்கள் ஹெத்தை ஹப்பா திருவிழா முடிந்து, பொங்கல் லீவோடு நான்கு நாள் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி கடைசி நாள். படகில் திரும்பி அன்றே விமானம் பிடிக்கும் திட்டத்தை யார் தந்தாலும் ஏற்காதீர்கள். படகு ரத்தானால் படகுக் காசு திரும்பி வரும், விமானம் காத்திருக்காது. ஆறு பேருக்கு அன்றைய விலையில் புது டிக்கெட் எடுப்பது பெரிய அடி. கடைசி இரவு எப்போதும் போர்ட் பிளேரில்தான். முடிந்தால் கடைசி இரண்டு இரவும்.

உங்கள் குடும்பத்துக்கு ஆறு இரவு வேண்டும். பாராட்டாங்கை ஏன் விட்டோம் என்பது கீழே கூடலூர் வாசகருக்கான பதிலில் இருக்கிறது. முதல் நாள் போர்ட் பிளேரில் இறங்கி, மதியம் பெரியவர்கள் தூங்கி எழுந்ததும் செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் காலைப் படகில் ஹேவ்லாக், அங்கே இரண்டு இரவு. நான்காம் நாள் நீல், ஒரு இரவு. ஐந்தாம் நாள் போர்ட் பிளேர். ஆறாம் நாளை வெறுமனே விடுங்கள். எங்காவது ஒரு நாள் மழையில் போனால் அதை ஈடுகட்ட அது உதவும். எதுவும் கெடவில்லை என்றால் மவுண்ட் ஹாரியட் (2021 முதல் மவுண்ட் மணிப்பூர்) போய் வாருங்கள். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டில் தென்னையும் கடலும் இருக்குமே, அந்தக் காட்சி அந்த மலைப் பாதையிலிருந்து தெரிவதுதான். மலையின் உயரம் நானூறு மீட்டரைக்கூடத் தொடாது. ஆனால் குட்டையாக நெருங்கி வளரும் நம் சோலைக்கு நேர்மாறாக, கிளையே இல்லாமல் நிமிர்ந்து போகும் கர்ஜன் மரங்களும் படாக் மரங்களும் நிற்கும் மழைக்காடு அது. குழந்தைகளுக்கு அந்த வித்தியாசத்தைக் காட்டுங்கள்.

இன்னொன்று, பொழுது. அந்தமானுக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றுதான், சூரியன் வேறு. ஊட்டியைவிட அங்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி விடிந்து, முந்தி அடையும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறையும். காலை ஒன்பதுக்கு இட்லி சாப்பிட்டு நிதானமாகக் கிளம்பினால் பாதிப் பகல் போய்விட்டிருக்கும். ஐந்து மணிக்கு எழுந்து, பத்துக்குள் கடல் வேலையை முடித்து, உச்சி வெயிலில் தூங்கி, மூன்றுக்கு மறுபடி கிளம்புவதே அங்குள்ள நடைமுறை. முதியவர்களோடு போகும் உங்களுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

கேள்வி: குன்னூரிலிருந்து எப்படிப் போவது வசதி? கப்பலில் போனால் மலிவு என்கிறார்களே?
– வாசகர், குன்னூர்

மேட்டுப்பாளையத்திலிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ், சென்னையிலிருந்து விமானம். விமானப் பயணம் இரண்டேகால் மணி நேரம். சிக்கல் இரண்டுக்கும் நடுவில்தான். ரயில் காலை ஆறரை வாக்கில் சென்ட்ரல் வந்து சேரும். அங்கிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ ரயிலே இருக்கிறது, முக்கால் மணியும் சற்றுக் கூடவும் ஆகும். ஆனாலும் ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். காலை பத்தரைக்கு முன் கிளம்பும் விமானத்தை நீலகிரி எக்ஸ்பிரஸை நம்பி எடுக்காதீர்கள். விடியற்காலை விமானம் மலிவாகக் கிடைத்தால் முதல் நாளே சென்னை போய்த் தங்குவதாக வைத்துச் செலவைக் கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் மலிவு இருக்காது.

திரும்பும்போது கவலையில்லை. மதிய விமானத்தில் சென்னை வந்தால் இரவு ஒன்பது மணி ரயில். மறுநாள் காலை மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் 7.10 மலை ரயிலும் கிடைக்கும். அதற்குத் தனியாக முன்பதிவு வேண்டும்.

கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், மூன்று நாள். பங்க் வகுப்பு மலிவுதான், பெரிய கூடத்தில் அடுக்குப் படுக்கை. கிளம்பும் தேதி வானிலையைப் பொறுத்து நகரும். பத்து நாள் கையில் இருக்கும் இளைஞர்களுக்கு அது நல்ல அனுபவம். பள்ளி லீவில் போகும் குடும்பத்துக்குப் போக மூன்று, வர மூன்று என்று ஆறு நாள் கடலிலேயே கழிந்துவிடும்.

இந்தியர்களுக்கு போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் போக அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை. ஆளுக்கொரு அசல் அடையாள அட்டை போதும், குழந்தைகளுக்கும் ஆதார் எடுத்துக்கொள்ளுங்கள். தீவுப் படகில் ஏறும்போதும் கேட்பார்கள்.

கேள்வி: எல்டிசியில் (அரசு ஊழியர்களுக்கான விடுமுறைப் பயணச் சலுகை) அந்தமான் போகலாமா? விமானத் தகுதி இல்லாத ஊழியர் நான்.
– வாசகர், அரவங்காடு

மத்திய அரசு ஊழியர்கள் சொந்த ஊர் எல்டிசியை மாற்றி அந்தமான் போக ஒரு சிறப்புச் சலுகை உண்டு. அதன்படி விமானத் தகுதி இல்லாதவர்களும் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினத்திலிருந்து போர்ட் பிளேருக்குச் சாதாரண வகுப்பில் பறக்கலாம். டிக்கெட்டை அங்கீகரிக்கப்பட்ட மூன்று முகவர்களான பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி மூலம்தான் எடுக்க வேண்டும். தெருமுனை ஏஜென்டிடம் எடுத்த டிக்கெட்டால் பில் திரும்பி வந்தவர்கள் உண்டு. சலுகை காலக்கெடுவோடு வந்து, ஆணை போட்டு நீட்டிக்கப்படுவது. உங்கள் பயணத் தேதி நடப்பு ஆணைக்குள் வருகிறதா, உங்கள் பணிநிலைக்கு அது பொருந்துமா என்று எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

கேள்வி: கல்லாறு தாண்டி இரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறினாலே என் மனைவிக்கும் மகளுக்கும் வாந்தி வந்துவிடும். படகில் எப்படி?
– வாசகர், ஊட்டி

மலைப்பாதையில் வாந்தி எடுப்பவர் படகில் கட்டாயம் எடுப்பார் என்றில்லை, ஆனால் வாய்ப்பு அதிகம். காரணம் ஒன்றேதான். உட்காது உடம்பு ஆடுவதாகச் சொல்லும், கண் எதிர் சீட்டைப் பார்த்துக்கொண்டு எதுவும் அசையவில்லை என்று சொல்லும். இரண்டும் முரண்படும்போது குமட்டல் வருகிறது. பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தால் குறைவது அதனால்தான்.

படகில் முன்பக்கம் உட்காரக் கூடாது. பஸ் பழக்கத்தில் முன் சீட்டைக் கேட்டு வாங்குகிறார்கள், அதுவே முதல் தவறு. படகு அலையில் ஏறி இறங்கும்போது அதிகம் தூக்கிப் போடுவது முன்முனை. கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து சற்றுப் பின்னால் இருக்கும் இருக்கைகளைப் பதிவு செய்யுங்கள். மேல்தளம் காட்சிக்கு நன்று, ஆட்டமும் அங்கே கூடுதல்.

தனியார் படகுகள் ஒன்றரை மணி நேரத்தில் ஹேவ்லாக் போகும், ஏசி போட்டு அடைத்த கூடம். அரசுப் படகு இரண்டரை மணி நேரம் எடுக்கும், ஆனால் திறந்த தளத்தில் நின்று காற்று வாங்கிக்கொண்டு அடிவானத்தைப் பார்த்தபடி போகலாம். குமட்டல் உள்ளவர்களுக்கு எங்கள் பரிந்துரை அரசுப் படகு, டிக்கெட் கிடைத்தால். இரண்டுக்கும் துறைமுகம் வேறு. அரசுப் படகு ஃபீனிக்ஸ் பே, தனியார் படகு பெரும்பாலும் ஹட்டோ. டிக்கெட்டில் எந்த ஜெட்டி என்று படித்துவிட்டு ஆட்டோ ஏறுங்கள்.

மாத்திரையைக் குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை, வயிற்றில் நிற்காது. படகு கிளம்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். எந்த மாத்திரை, மகளின் எடைக்கு எவ்வளவு என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர்கள் கேட்காமல் போடவே கூடாது, சில மாத்திரைகள் அவற்றைக் கூட்டும். வெறும் வயிறும் ஆகாது, பூரியும் ஆகாது. இரண்டு இட்லி, அரை டம்ளர் தண்ணீர், வாயில் அடக்க இஞ்சி மரப்பா. படகில் போனைப் பார்க்கவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு வாந்தி வருவது பாதி அதனால்தான்.

கேள்வி: பாராட்டாங் போகும் வழியில் ஜாரவா பழங்குடி மக்களைப் பார்க்கலாம் என்கிறார்களே? சுண்ணாம்புக் குகைக்குப் பெரியவர்கள் நடக்க முடியுமா?
– வாசகர், கூடலூர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். போர்ட் பிளேரிலிருந்து ஜிர்காடாங் சோதனைச்சாவடி வரை கார். அங்கே அடையாள அட்டையோடு படிவம் எழுதிக் கொடுத்தபின், வண்டிகளை வரிசையாகச் சேர்த்துக் காவலோடு குறித்த நேரத்தில் அனுப்புவார்கள். காலை ஆறு மணி வரிசையைப் பிடிக்க அதிகாலை மூன்றரைக்கே விடுதியை விட்டுக் கிளம்ப வேண்டும். காட்டுக்குள் ஐம்பது கிலோமீட்டர் அளவு நிற்காமல் போய், நீர்ச்சந்தியைப் பெரிய படகில் கடந்து, பிறகு சின்ன மோட்டார் படகில் அலையாத்திக் காட்டின் வழியே அரை மணி நேரம். கடைசியில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. கரடுமுரடான பாதை, மழை பெய்திருந்தால் வழுக்கும், குகைக்குள் இருட்டு. அதே வழியில் திரும்பி வர வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். நடுவில் கழிப்பறை வசதி குறைவு என்பதையும் பெண்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை குகை மூடியிருக்கும்.

இனி முதல் கேள்வி. ஜாரவா மக்களைப் பார்ப்பதற்காகப் போகாதீர்கள். இதை நாங்கள் கெஞ்சியே கேட்கிறோம்.

அந்தச் சாலை அவர்கள் காட்டைப் பிளந்துகொண்டு போகிறது. நானூறு பேர் அளவில் இருக்கும் மக்கள் அவர்கள். 1990களின் இறுதியில்தான் காட்டுக்கு வெளியே தாமாக வரத் தொடங்கினார்கள். வந்த இரண்டே வருடத்தில், 1999இல், தட்டம்மை பரவியது, 2006இல் மறுபடியும். நமக்குச் சாதாரணமான சளியும் அம்மையும் அவர்கள் உடம்புக்குப் பழக்கமில்லாதவை. அந்தச் சாலையை மூடச் சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது, இன்னும் வண்டிகள் ஓடுகின்றன. படம் எடுப்பது, பேசுவது, பிஸ்கட் கொடுப்பது, வண்டியை நிறுத்துவது எல்லாம் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் குற்றம். 2012இல் அதைத் திருத்திச் சிறைத்தண்டனையைக் கடுமையாக்கினார்கள்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்குடிகள் வாழும் மாவட்டத்திலிருந்து போகிறோம். தோடர் குடியிருப்பான மந்துக்குள் கேட்காமல் நுழைந்து, பாட்டியம்மாவின் பூத்துக்குளிப் போர்வையைப் பிடித்து இழுத்துப் படம் எடுக்கும் பயணிகளைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் நாம். ஏஜென்ட் "ஜாரவா பார்க்கலாம்" என்று ஆசை காட்டினால் அந்த ஆளிடம் எந்தப் பதிவும் செய்யாதீர்கள். அலையாத்திக் காடு பார்க்கும் ஆசை என்றால் பிச்சாவரம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு நாளை ஹேவ்லாக்கில் கூடுதலாகத் தங்கக் கொடுங்கள்.

கேள்வி: 15, 11 வயதுப் பிள்ளைகள் ஸ்கூபா டைவிங் செய்ய ஆசைப்படுகிறார்கள். இருவருக்கும் நீச்சல் தெரியாது. அனுமதிக்கலாமா?
– வாசகி, வெலிங்டன்

பத்து வயது நிறைந்தவர்களுக்கு, பயிற்றுநர் கையைப் பிடித்தபடியே அழைத்துப் போகும் முதல்நிலை டைவிங் உண்டு. நீச்சல் தெரியாதவர்களையும் அழைத்துப் போகிறார்கள். ஆனாலும் ஆழமில்லாத தண்ணீரில் முதலில் ஸ்னார்கெலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, மேலே மிதந்தபடி கீழே பார்ப்பது) செய்து பார்த்து, பயம் தெளிந்த பிள்ளையை மட்டும் ஸ்கூபாவுக்கு அனுப்புங்கள்.

ஸ்னார்கெலிங்கில் எல்லாம் முகமூடி பொருந்துவதில் இருக்கிறது. பட்டையை மாட்டாமல் முகமூடியை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சச் சொல்லுங்கள். கையை எடுத்தபிறகும் கீழே விழாமல் ஒட்டி நின்றால் சரியான அளவு. முன்நெற்றி முடி ஒரு கற்றை உள்ளே போனாலும் தண்ணீர் கசியும், பெண் பிள்ளைகளுக்கு அடிக்கடி நடப்பது இது. வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்று, குனிந்து, முகத்தை மட்டும் நனைத்து ஐந்து நிமிடம் பழகட்டும். லைஃப் ஜாக்கெட்டின் கால் பட்டையையும் மாட்டுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலேறிக் கழுத்தை நெரிக்கும். பவளத்தின் மேல் நிற்கக் கூடாது. அது உயிருள்ளது, காலையும் கிழிக்கும், அந்தப் புண் ஆற நாளாகும்.

ஸ்கூபாவில் காது முக்கியம். மேட்டுப்பாளையம் இறங்கும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கினால் திறக்கிறதே, அதே சங்கதிதான், அளவு மட்டும் வேறு. ஊட்டியிலிருந்து கடல் மட்டம் வரை இறங்கும்போது காதில் ஏறும் மொத்த அழுத்தமும், தண்ணீருக்குள் வெறும் இரண்டரை மீட்டர் இறங்கினாலே வந்துவிடும். அதனால் ஒவ்வொரு முழம் இறங்கும்போதும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். வலித்தால் நின்று, சற்று மேலேறி, மறுபடி ஊத வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறை கிழியும். சளி பிடித்திருந்தால் ஊதினாலும் காது திறக்காது. மலைப் பிள்ளைகளுக்குப் பருவம் மாறினால் மூக்கடைப்பு சகஜம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை எதையும் படிவத்தில் மறைக்காதீர்கள்.

டைவிங் முடிந்து குறைந்தது 18 மணி நேரம், பாதுகாப்பாக ஒரு முழு நாள், விமானம் ஏறக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், காற்றழுத்தம் குறையும் இடத்தில் குமிழியாகும். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் ஊட்டியின் காற்றழுத்தமும் ஏறத்தாழ ஒன்று. ஆகவே மலைக்காரர்களுக்கு வீடு திரும்பும் பாதையும் இதே கணக்கில் வருகிறது. டைவிங்கை ஹேவ்லாக்கின் முதல் நாளிலேயே முடித்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

கடலில் குளிப்பது பற்றி: அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010இல் ராதாநகர் கடற்கரையை ஒட்டிய நீரில் வெளிநாட்டுப் பயணி ஒருவரை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும் ஓடை கடலில் சேரும் இடத்திலும் கால் வைக்காதீர்கள். உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில் மட்டும், வெளிச்சம் இருக்கும்போது மட்டும். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும்.

கேள்வி: நீல் தீவில் இயற்கைப் பாலம் பார்க்கப் போனால் தண்ணீர்தான் இருக்கும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், குன்னூர்

கடல் வற்றும் நேரத்தில் போக வேண்டும். ஒரு நாளில் இருமுறை ஏறி, இருமுறை வற்றும், தினமும் ஐம்பது நிமிடம் அளவு தள்ளிப் போகும். விடுதியில் அன்றைய நேரம் கேட்டு, முழு வற்றலுக்கு ஒரு மணி நேரம் முன்பு போய்ச் சேருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றல் அதிகம். பாறைக் குட்டைகளில் நட்சத்திர மீனும் கடல் வெள்ளரியும் தெரியும். பாசி படிந்த பவளக் கல்மேல் ஹவாய் செருப்பு வழுக்கும், பின்பட்டை உள்ள செருப்பு வேண்டும். அதே நாட்களில் வற்றும் நேரத்தில் பரத்பூர் கடற்கரையில் குளிக்கப் போனால் முழங்கால் தண்ணீர்கூட இருக்காது.

கேள்வி: நாங்கள் சைவம். இந்தியும் வராது. சமாளிக்க முடியுமா?
– வாசகி, கொடைக்கானல்

தாராளமாக. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே வங்காளி, இந்திக்கு அடுத்து அதிகம் பேருக்குத் தாய்மொழி தமிழ்தான். போர்ட் பிளேரில் இட்லி, பொங்கல், அளவுச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும், வெற்றிமலை முருகன் கோயிலும் இருக்கிறது. ஹேவ்லாக்கிலும் நீலிலும் குடியேறியவர்கள் பெரும்பாலும் வங்காளிகள். சைவம் என்று சொன்னாலும் மீன் வறுத்த எண்ணெயில் சமைத்துவிடலாம், முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கையோடு இருக்கட்டும். எண்ணெய் உள்ளவற்றைக் கைப்பையில் வைக்காமல், இரட்டை உறையிட்டுப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: பாட்டி தாயகம் திரும்பிய குடும்பம். சிலோனிலிருந்து வந்த சிலரை அந்தமானுக்கு அனுப்பினார்கள் என்பார். அந்த ஊரைப் பார்க்க முடியுமா?
– வாசகி, பந்தலூர்

பாட்டி சொல்வது உண்மை. இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்களில் பல குடும்பங்களுக்கு நீலகிரியில் தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் வாழ்வு தந்தன. சில குடும்பங்களை நிக்கோபார் பகுதியிலுள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். 2004 சுனாமியில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. நிக்கோபாரில் பெரும்பகுதி பழங்குடிப் பாதுகாப்புப் பகுதி, கச்சாலுக்குச் சுற்றுலாவாகப் போக அனுமதி இல்லை. பாட்டிக்குத் தெரிந்த பெயர்களையும் தோட்டப் பெயரையும் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். போர்ட் பிளேரில் உள்ள தமிழர்கள் வழியாக விசாரிக்க அது பயன்படும்.

கேள்வி: சங்கு, பவளம், ஜாதிக்காய்க் கன்று எதையெல்லாம் கொண்டுவரலாம்?
– வாசகர், கோத்தகிரி

கடற்கரையில் கிடப்பது எதையும் எடுக்காதீர்கள். செத்த பவளத் துண்டும் அதில் அடக்கம். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் கீழ் பவளம் காக்கப்பட்டது. விமான நிலையத்தில் பெட்டியைப் படம் பிடித்துப் பார்க்கும்போது தெரிந்துவிடும். பிள்ளைகள் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள், விடுதியை விட்டுக் கிளம்புமுன் பைகளைத் தட்டிப் பாருங்கள். சிப்பி நகையோ படாக் மரப் பொருளோ வேண்டுமென்றால் அரசின் சாகரிகா விற்பனையகத்தில் வாங்கி, ரசீதை வீடு வரும்வரை வைத்திருங்கள்.

கன்று வேண்டவே வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தமானுக்குள் வந்த ராட்சத ஆப்பிரிக்க நத்தை அங்கே தோட்டங்களை அரித்துக்கொண்டிருக்கிறது. வேர் மண்ணில் அதன் முட்டை இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. நம் கேரட், முட்டைக்கோஸ் காட்டுக்குள் அதைக் கொண்டுவந்து விடுவதை நினைத்துப் பாருங்கள். ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான் எல்லாம் பர்லியார், கல்லாறு அரசுப் பழப்பண்ணைகளிலேயே வளர்கின்றன, கன்றை அங்கே கேளுங்கள். கோத்தகிரி உயரத்தில் குளிருக்கு அவை தாங்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: துணிமணி, மருந்து என்னென்ன எடுத்துப் போவது? கைக்குழந்தையும் உண்டு.
– வாசகி, ஊட்டி

வெப்பம் 23 முதல் 31 டிகிரிதான். ஆனால் காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது, குளிர் பழகிய உடம்பு முதல் இரண்டு நாள் திணறும். மெல்லிய பருத்தித் துணி, ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு செட். ஜீன்ஸ் ஈரமானால் இரண்டு நாளானாலும் உலராது. கடலில் இறங்கும்போது பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள், குப்புற மிதக்கும்போது முதுகும் பின்னங்காலும்தான் வெந்துபோகும். ஸ்டீல் தண்ணீர் பாட்டில் நமக்குப் பழக்கம்தான், அங்கும் ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. பச்சிளம் குழந்தைக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மற்றவர்கள் இளநீர், மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள், வியர்க்கும் ஊரில் அளவை மாற்ற வேண்டுமா என்று கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்கட்டும். வழக்கமான மருந்துகளைப் பயண நாட்களைவிட ஐந்து நாளைக்கு அதிகமாக எடுங்கள், சின்னத் தீவுகளில் எல்லாம் கிடைக்காது. ஏடிஎம்மும் போன் சிக்னலும் அப்படித்தான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்தபின் போர்ட் பிளேரில் இணையம் நன்றாக இருக்கிறது, மற்ற இடங்களுக்கு ரொக்கமும் காகிதத்தில் அச்செடுத்த டிக்கெட்டும் வேண்டும்.

மணல் ஈ பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கொசுவைவிடச் சின்னது, கடிக்கும்போது தெரியாது, மறுநாள் தடித்து ஒரு வாரம் அரிக்கும். விடியலிலும் அந்தியிலும் ஈர மணலை ஒட்டிப் பறக்கும். காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், மணலில் நேராக உட்காராமல் நாற்காலியில் உட்காருங்கள், குழந்தையை மணலில் படுக்க வைக்காதீர்கள். கடித்தால் சொறியக் கூடாது, சொறிந்த இடம்தான் சீழ் பிடிக்கும்.

ஸ்வெட்டர், குல்லா, சால்வையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஜனவரியில் திரும்பும்போது மதியம் முப்பது டிகிரியில் விமானம் ஏறி, மறுநாள் காலை உறைபனி விழுந்த ஊட்டியில் இறங்குவீர்கள். அவற்றைத் தனிப் பையில் போட்டு, அந்தப் பையை ரயிலில் கைக்கு எட்டும்படி வையுங்கள். மேட்டுப்பாளையத்தில் வண்டி மாறும்போதே குழந்தைக்குக் குல்லாவை மாட்டிவிடுங்கள், பர்லியார் தாண்டியபின் குளிரில் பையைத் தேட வேண்டியிருக்காது.